இணைப்பைத் தருபவர்கள் அதன் விபரத் தாளையும் தர வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, சீனன்குடா, தம்பலகாமம் போன்ற அயற்பகுதிகளிலும் வீட்டுக் கணினிகளையும் சிறிய அலுவலகங்களின் கணினிகளையும் திருத்தும் தொழிலில் நீண்டகாலமாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். “நெட் வேலை செய்யவில்லை” என்ற முறைப்பாட்டுடன் எங்களிடம் கொண்டுவரப்படும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் உறுப்புப் பழுது எதுவும் இருப்பதில்லை. வலையமைப்புக்குரிய ஏதோ ஓர் இலக்கம் மாறியிருக்கும். அல்லது எவரோ ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டு அப்படியே விட்டிருப்பார். ஆனால் இவ்வாறான கணினிகள் பல இடங்களில் உடனே போமட் செய்யப்படுகின்றன. பிள்ளைகளின் படங்களும் பாடக் குறிப்புகளும் அழிந்து, பணமும் செலவாகி, வீட்டுக்குத் திரும்பிய பின்னரும் அதே கோளாறுடன் அந்தக் கணினி நிற்பதைப் பார்க்கும்போது மிகுந்த வேதனையாக இருக்கிறது. இந்த நிலையை மாற்றுவதற்கு இணைய இணைப்பைப் பொருத்த வருபவர்கள் அந்த இணைப்பின் விபரங்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டே செல்ல வேண்டும் என்பதும், பாவனையாளர்கள் அதனைக் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதுமே எனது கோரிக்கையாகும்.

போமட் செய்வதால் கணினிக்குள் இருப்பவை மட்டுமே அழிகின்றன. வீட்டிலுள்ள ரவுட்டர் தவறான முகவரியைக் கொடுத்துக்கொண்டிருந்தால், புதிதாக நிறுவப்பட்ட விண்டோஸும் அதே தவறான முகவரியையே வாங்கிக்கொள்ளும். “கடையில் நன்றாக வேலை செய்தது, வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நின்றுவிட்டது” என்று சொல்லி மீண்டும் கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பலர். கடையின் இணைப்பில் அந்தக் கணினி வேலை செய்தது என்பதே கணினியில் குறையில்லை, வீட்டு இணைப்பிலேயே குறை இருக்கிறது என்பதற்குப் போதுமான சான்றாகும். அதே வீட்டு வைஃபையில் கைத்தொலைபேசியை இணைத்துப் பார்த்திருந்தால், கணினியை முச்சக்கரவண்டியில் ஏற்றுவதற்கு முன்னரே இந்த உண்மை தெரிந்திருக்கும். ஆனால் அவ்வாறு பார்க்கும்போது தொலைபேசியின் டேட்டாவை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வைஃபையை விட்டுவிட்டுத் தன் சொந்த இணைப்பில் ஓடி எம்மை ஏமாற்றிவிடும்.

பார்க்க வேண்டிய இலக்கங்கள் நான்குதான். வலையமைப்பில் கணினியை அடையாளங்காட்டும் ஐபி முகவரி, அதில் எவ்வளவு பகுதி வலையமைப்புக்குரியது என்று காட்டும் சப்நெட் மாஸ்க், கேட்வே எனப்படும் ரவுட்டரின் முகவரி, இணையத்தளப் பெயரை இலக்கமாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையகத்தின் முகவரி என்பனவே அவை. விண்டோஸில் கறுப்பு நிறக் கட்டளைத் திரையைத் திறந்து ‘ஐபிகொன்பிக்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டி, அதனருகே ‘ஸ்லாஷ் ஓல்’ என்பதையும் சேர்த்தால் நான்கும் ஒரே திரையில் வந்துவிடும். கட்டளைத் திரையைத் திறக்கத் தயங்குபவர்கள், செட்டிங்ஸ் பகுதியில் நெட்வேர்க் என்பதைத் திறந்து, தாங்கள் பாவிக்கும் இணைப்பின் விபரங்களிலும் இவற்றைக் காணலாம். வீடுகளில் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். சில இடங்களில் 10 என்று தொடங்கும். உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே பழைய ஐபி முறையில் உண்டு என்பதனால், வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே மட்டும் பாவிப்பதற்கென இந்தத் தொடர்கள் 1990களின் நடுப்பகுதியிலேயே ஒதுக்கப்பட்டுவிட்டன. ஆகவே உவர்மலையில் ஒரு வீட்டிலும் கிண்ணியாவில் ஒரு கடையிலும் 192.168.1.5 என்ற அதே முகவரி இருப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு கருவிகளுக்கு அது இருப்பதுதான் தவறு.

கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குமாயின், அதனைக் கண்ட உடனேயே ஒரு விடயத்தை உறுதியாகச் சொல்லிவிடலாம். கணினி முகவரி கேட்டிருக்கிறது, எவரும் பதில் கொடுக்கவில்லை, எனவே தானே ஒரு முகவரியை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். அந்த நிலையில் பிரவுசரை மாற்றுவதாலோ வைரஸ் தேடுவதாலோ எந்தப் பயனும் இல்லை. கேபிள் சரியாகக் குத்தப்பட்டிருக்கிறதா, அதன் முனையிலுள்ள பிளாஸ்ரிக் கொழுவி உடைந்து கேபிள் பின்னுக்கு நழுவியிருக்கிறதா, ரவுட்டரில் அந்தத் துளைக்குரிய சிறு விளக்கு எரிகிறதா, ரவுட்டரை நிறுத்திச் சற்று நேரத்தின் பின் மீண்டும் போட்டால் முகவரி கிடைக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எமது பகுதியில் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களின் இடிமின்னலுக்குப் பின்னர் ரவுட்டரின் ஒரு துளை மட்டும் செத்துப்போயிருப்பதை அடிக்கடி காண்கிறோம். கேபிளைப் பக்கத்துத் துளைக்கு மாற்றினால் வேலை முடிந்துவிடும். கடற்கரையை அண்டிய வீடுகளில், பழைய செப்புக்கம்பித் தொலைபேசி இணைப்பின் சுவர்ப்பெட்டியைத் திறந்தால் கம்பிமுனைகள் உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். மழைக்காலத்தில் இணைப்பு வருவதும் போவதுமாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு. பைபர் இணைப்பாயின், கருவியிலுள்ள எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிந்தால் கோளாறு வெளியே இருக்கிறது. கணினியில் கை வைக்காமல் இணைப்பு வழங்குநருக்கு அறிவிப்பதே சரியானது.

முகவரி ஒழுங்காகக் கிடைத்தும் இணையம் திறக்கவில்லையென்றால், அருகிலிருந்து தொலைவுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். முதலில் ‘பிங்’ என்ற கட்டளையால் கேட்வேயின் முகவரியை அழைத்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து பதில் வந்தால் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் பிரச்சினை இல்லை. அடுத்ததாக வெளியுலகிலுள்ள ஓர் இலக்கத்தை, உதாரணமாக கூகுள் நிறுவனம் 2009 முதல் நடத்திவரும் 8.8.8.8 என்ற சேவையகத்தை, அழைக்க வேண்டும். அதுவும் பதில் தந்து, இணையத்தளத்தின் பெயரைத் தட்டும்போது மட்டும் திறக்கவில்லையென்றால், பெயரை இலக்கமாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பகுதியிலேயே குறை இருக்கிறது. இந்த மூன்று படிகளுக்கும் ஐந்து நிமிடம் கூடத் தேவையில்லை. எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அதற்கு முந்திய அனைத்தும் சரி என்பது தெரிந்துவிடுவதால், தேட வேண்டிய இடம் மிகவும் சுருங்கிவிடுகிறது. தொலைபேசியில் உதவி கேட்பவர்கள் “நெட் இல்லை” என்று மட்டும் சொல்லாமல், “கேட்வே பதில் தருகிறது, 8.8.8.8 பதில் தரவில்லை” என்று சொல்வார்களாயின், திருத்துபவர் வீட்டுக்கு வராமலே பாதி வேலை முடிந்துவிடும்.

விபரத் தாள் ஒன்று இல்லாததால் எவ்வளவு வீண் அலைச்சல் ஏற்படுகிறது என்பதை ஓர் அலுவலகத்தில் நடந்ததைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். நகரின் நடுப்பகுதியிலுள்ள அந்தச் சிறிய அலுவலகத்தில் காலையில் ஒரு கணினியில் இணையம் இருக்காது. மதியம் அது சரியாகிவிட, வேறொன்று நின்றுவிடும். இணைக்கப்பட்டுள்ளது, ஆனால் இணையம் இல்லை என்ற அறிவிப்பே எல்லாவற்றிலும் தோன்றியது. நிறுத்திப் போட்டால் சில வேளைகளில் சரியாகிவிடும், சில வேளைகளில் சரியாகாது. ஏற்கெனவே இரண்டு கணினிகள் போமட் செய்யப்பட்டு, ஒன்றுக்குப் புதிய நெட்வேர்க் கார்டும் வாங்கிப் போடப்பட்டிருந்தது. எல்லாக் கணினிகளினதும் நான்கு இலக்கங்களையும் எழுதித் தரும்படி அங்கிருந்த எழுதுவினைஞரிடம் கேட்டேன். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்த அவர், எழுதும்போதே நிறுத்தி, “அண்ணா, இந்த ரெண்டு கொம்பியூட்டருக்கும் மட்டும் கேட்வேயில மூண்டாவது இலக்கம் பூச்சியம் எண்டு நிக்குது, மற்றதுகளுக்கு ஒண்டு” என்றார். அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. வேலை செய்தவற்றின் கேட்வே 192.168.1.1 ஆகவும், வேலை செய்யாதவற்றின் கேட்வே 192.168.0.1 ஆகவும் இருந்தன. அதாவது, அந்த அலுவலகத்துக்குள் முகவரி கொடுக்கும் ரவுட்டர்கள் இரண்டு இருந்தன.

இரண்டாவது ரவுட்டர் பின்னறையில் கோப்புகள் அடுக்கிய தட்டின் மேல் இருந்தது. அந்த அறைக்கு வைஃபை எட்டவில்லை என்பதற்காக எவரோ வாங்கி, கேபிளை அதன் லான் எனப்படும் உள்வலையமைப்புத் துளையில் குத்திவிட்டுப் போயிருந்தார். அதுவும் தன் பாட்டில் முகவரிகளை வழங்கிக்கொண்டிருந்தது. வெளிநோயாளர் பிரிவில் இரண்டு பேர் இரண்டு மேசைகளில் இருந்துகொண்டு தனித்தனியே இலக்கத் துண்டு கொடுத்தால் வரிசை எப்படிக் குழம்புமோ அப்படித்தான் இதுவும். கணினி முகவரி கேட்கும்போது எந்த ரவுட்டர் முந்திப் பதில் தருகிறதோ அதனுடைய முகவரியையே கணினி பெற்றுக்கொள்ளும். முதலாவது ரவுட்டர் முந்தினால் இணையம் உண்டு, இரண்டாவது முந்தினால் இல்லை. நிறுத்திப் போட்டால் சில வேளைகளில் சரியானதும், போமட் செய்த உடனே சரியாகிவிட்டதுபோல் தோன்றியதும் இதனால்தான். திருத்தமோ மிக எளிது. இரண்டாவது ரவுட்டரைத் தனியாக ஒரு கணினியில் இணைத்து, அதன் சொந்த முகவரியை முதலாவதன் தொடருக்குள் வேறெவருக்கும் போகாத ஓர் இலக்கத்துக்கு மாற்றி, முகவரி வழங்கும் டிஎச்சிபி என்ற செயற்பாட்டை நிறுத்தி, மீண்டும் லான் துளையிலேயே இணைத்தோம். பின்னறைக்கும் வைஃபை கிடைத்தது, குழப்பமும் நின்றது. இவ்வலுவலகத்தில் எத்தனை ரவுட்டர்கள் உள்ளன, எது முகவரி வழங்குகிறது என்ற இரண்டு வரிகள் சுவரில் எழுதப்பட்டிருந்தால், அந்த இரண்டு கணினிகளும் போமட் செய்யப்பட்டிருக்க மாட்டா.

இதற்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது பிரிண்டர் விவகாரம். பிரிண்டருக்கு 192.168.1.20 என்று கையால் ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் ரவுட்டரோ 2 முதல் 254 வரையான எல்லா இலக்கங்களையும் வழங்கும்படி விடப்பட்டிருக்கும். என்றாவது ஒரு நாள் ஒரு விருந்தினரின் கைத்தொலைபேசிக்கு அந்த 20 போய்ச்சேரும். அன்று பிரிண்டர் மாயமாகிவிடும். ரவுட்டர் வழங்குவதை 100 இலிருந்து தொடங்கும்படி மாற்றி, பிரிண்டருக்கும் கண்காணிப்புக் கமெராவின் பதிவுக் கருவிக்கும் 100 இற்குக் கீழுள்ள இலக்கங்களை ஒதுக்கி எழுதிவைத்தால் இது மீண்டும் வராது. பிரிண்டர் தெரிகிறது ஆனால் மற்றக் கணினியிலிருந்து அடிக்க முடியவில்லை என்றால், விண்டோஸ் அந்த வலையமைப்பைப் பொது இடத்து வலையமைப்பு என்று குறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய ரவுட்டர் பூட்டப்பட்ட பின்னர் அப்படிக் குறிக்கப்படுவது வழக்கம். அதனைத் தனிப்பட்டது என்று மாற்றினாலே பகிர்வு மீண்டும் வேலை செய்யும். பழைய போட்டோப்பிரதி இயந்திரங்கள் ஸ்கான் செய்ததைப் புதிய கணினியின் கோப்புறைக்கு அனுப்ப மறுப்பதும் பழுது அல்ல. 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியதற்கு வழிவிட்ட எஸ்எம்பி முதலாம் பதிப்பு என்ற பழைய பகிர்வு முறை, அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதனை மீண்டும் திறந்துவிடும்படி அலுவலகங்கள் எங்களை வற்புறுத்துகின்றன. அவ்வாறு செய்வதைவிட, இயந்திரத்திலிருந்து மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதியைப் பாவிப்பதே பாதுகாப்பானது என்று நான் கருதுகிறேன்.

எல்லாவற்றையும்விட அதிக இழப்பை ஏற்படுத்துவது ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளையே. ரவுட்டரை நிறுத்திப் போடுவதும், அந்தத் துளைக்குள் ஊசியைக் குத்தி ரீசெட் செய்வதும் ஒன்றென்றே பலர் எண்ணுகிறார்கள். முன்னையது எதையும் அழிப்பதில்லை. பின்னையது ரவுட்டரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமன்றி, பல இணைப்புகளில் இணைப்பு வழங்குநருக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதனுடன் போய்விடுகின்றன. அந்தப் பயனர் பெயர் வீட்டுக்காரரிடம் எழுத்தில் இருப்பதில்லை. தொலைபேசியில் கேட்டால் அடையாள அட்டை இலக்கம், இணைப்பு யாருடைய பெயரில் உள்ளது என்ற விசாரணை தொடங்கும். இணைப்பு வெளிநாட்டிலுள்ள மகனின் பெயரிலோ காலஞ்சென்ற தகப்பனாரின் பெயரிலோ இருந்தால் நாட்கணக்கில் வீடு இணையமின்றிக் கிடக்கும். விண்டோஸிலுள்ள நெட்வேர்க் ரீசெட் என்ற பொத்தானும் ஏறத்தாழ இதே தன்மையானதே. அது சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்களையும் கையால் கொடுத்த முகவரிகளையும் அழித்துவிடும் என்பதனால், நான்கு இலக்கங்களையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்த பின்னரே அதனை அழுத்த வேண்டும். அதுவும் கடைசி வழியாகவே அழுத்த வேண்டும்.

டிஎன்எஸ் பற்றி முன்னர் குறிப்பிட்டேன். அந்த இலக்கம் என்னவாக இருக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது பாதுகாப்புக்கும் அவசியம். கணினிகளின் டிஎன்எஸ் இலக்கத்தைக் கள்ளத்தனமாக மாற்றி, பாவனையாளர்களை வேறு தளங்களுக்குத் திருப்பிவிட்ட டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீநிரலை நடத்திய கும்பலை 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத்துறை பிடித்தது. உலகெங்கும் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகள் அதனால் பாதிக்கப்பட்டிருந்தன. அந்தக் கும்பலின் சேவையகங்களை உடனே நிறுத்தினால் அத்தனை கணினிகளுக்கும் இணையம் இல்லாமற் போய்விடும் என்பதனால், அவற்றுக்குப் பதிலாக நல்ல சேவையகங்களை வைத்து, 2012 ஜூலை 9 ஆம் திகதியே அவற்றையும் நிறுத்தினார்கள். அந்த நாள் வரை பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குத் தங்கள் கணினியின் ஓர் இலக்கம் மாறியிருந்தது என்பதே தெரிந்திருக்கவில்லை. சரியான இலக்கம் எது என்பது தாளில் இருந்தால் மட்டுமே மாறிய இலக்கத்தை ஒருவரால் அடையாளங்காண முடியும்.

எமது நாட்டுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்ட நாட்களில் பலர் தடையைச் சுற்றிச் செல்ல உதவும் இலவச விபிஎன் மென்பொருட்களை அவசர அவசரமாக நிறுவிக்கொண்டார்கள். தடை நீங்கிய பின்னர் அவை அகற்றப்படவில்லை. இன்றும் சில கணினிகளில் அவை விட்டுச்சென்ற மாய இணைப்புகளும் மாற்றிவைத்த டிஎன்எஸ் இலக்கங்களும் கிடந்து தொல்லை தருகின்றன. கொழும்பிலுள்ள அலுவலகங்களிலிருந்து விடுமுறைக்குக் கொண்டுவரப்படும் மடிக்கணினிகளில், பிரவுசரை அலுவலகத்தின் இடைச் சேவையகம் ஒன்றின் வழியாக அனுப்பும் புரொக்சி செட்டிங் திறந்தபடியே இருப்பதும் இதைப் போன்றதே. பிங் கட்டளைக்கு எல்லாமே பதில் தரும், ஆனால் பிரவுசர் மட்டும் ஒரு பக்கத்தையும் திறக்காது. அவ்வாறான வேளையில் புரொக்சி பகுதியைத் திறந்து பார்க்காமல் வேறெதையும் தொட வேண்டாம். அலுவலகக் கணினியாயின், அதனை நிறுத்துவதற்கு முன் அங்கு எழுதப்பட்டிருந்த இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அது மீண்டும் தேவைப்படும்.

இணையக் கோளாறாகத் தோன்றி, உண்மையில் மணிக்கூட்டுக் கோளாறாக இருக்கும் ஒன்றையும் குறிப்பிடாமல் விட முடியாது. பழைய மேசைக் கணினிகளின் தாய்ப்பலகையில் சி.ஆர். 2032 என்ற நாணயம் போன்ற 3 வோல்ற் பட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால், மின்வெட்டுக்குப் பின்னர் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை செல்லும் என்ற சான்றிதழுடனேயே திறக்கின்றன. பின்தங்கிய திகதியுள்ள கணினிக்கு அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்காதவையாகத் தெரிவதால், இணைப்புப் பாதுகாப்பற்றது என்று பிரவுசர் மறுத்துவிடும். நிலாவெளியில் பல்கலைக்கழக அனுமதிக்கு இணையவழியில் விண்ணப்பிக்க இருந்த ஒரு மாணவி, விண்ணப்பத் தளம் திறக்கவில்லை, வங்கியின் தளமும் திறக்கவில்லை என்று அழுதுகொண்டே தொலைபேசியில் கதைத்தார். திரையின் வலது மூலையில் என்ன திகதி இருக்கிறது என்று கேட்டேன். 2009 என்றார். திகதியையும் நேரத்தையும் சரிசெய்து, நேர வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொன்னேன். தொலைபேசியை வைப்பதற்கு முன்னரே தளம் திறந்துவிட்டது. பட்டரியை அவருடைய தகப்பனார் அடுத்த நாள் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைக் கற்கும் மாணவர்கள் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டிஎச்சிபி, டிஎன்எஸ் அனைத்தையும் பாடத்திட்டத்திலேயே படிக்கிறார்கள். சப்நெட் கணக்குகளைத் தாளில் பிழையின்றிச் செய்யும் பிள்ளைகளை நான் அறிவேன். ஆனால் அவர்களில் பலர் தங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரியை ஒருபோதும் திறந்து பார்த்ததில்லை. தங்கள் வீட்டினதும் அயல்வீட்டினதும் இணைப்பு விபரங்களை எழுதிவருவதை ஒரு செய்முறைப் பயிற்சியாக ஆசிரியர்கள் கொடுப்பார்களாயின், பாடமும் விளங்கும், ஊருக்கும் உதவியாக இருக்கும்.

அந்த விபரத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இணைப்பு எவ்வகையானது, யாருடைய பெயரில் உள்ளது, வழங்குநருக்குரிய பயனர் பெயர் எது. ரவுட்டரின் உள்முகவரி எது, அது எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரை வழங்குகிறது. டிஎன்எஸ் தானாகப் பெறப்படுகிறதா, கையால் எழுதப்பட்டதா. பிரிண்டர், கமெராப் பதிவுக் கருவி போன்றவற்றுக்கு ஒதுக்கப்பட்ட முகவரிகள் எவை. இரண்டாவது ரவுட்டர் இருந்தால் அது எங்கே இருக்கிறது. கடைசியாக எதனை, எவர், எந்தத் திகதியில் மாற்றினார் என்பவை போதும். கடவுச்சொற்களை இந்தத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டக்கூடாது. அவற்றை வேறொரு துண்டில் எழுதி, காணி உறுதி, வங்கிப் புத்தகம் போன்றவை இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். ரவுட்டருக்குள் நுழைவதற்குத் தொழிற்சாலையில் கொடுக்கப்பட்ட கடவுச்சொல்லை இணைப்பு பூட்டப்படும் அன்றே மாற்ற வேண்டும். 2016 ஆம் ஆண்டில் மிராய் என்ற தீநிரல் இலட்சக்கணக்கான கமெராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது, அவற்றின் கடவுச்சொற்கள் தொழிற்சாலையில் கொடுத்தபடியே மாற்றப்படாமல் இருந்ததனால்தான். கமெரா பூட்ட வருபவர்களிடமும் இதனை வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

இணைப்பைப் பூட்ட வரும் இளைஞர்கள் ஒரு நாளில் பல வீடுகளுக்குப் போக வேண்டியவர்கள் என்பதையும், தாள் எழுத அவர்களுக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை என்பதையும் நான் அறிவேன். ஆகவே பொறுப்பு அவர்களுடையதன்று, அவர்களை அனுப்பும் நிறுவனங்களுடையது. வெற்றிடங்களை நிரப்பினால் போதும் என்ற வகையில் அச்சடித்த படிவம் ஒன்றைக் கொடுத்தனுப்பினால் எழுத அதிக நேரம் எடுக்காது. படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட நாட்டில், மாதாமாதம் கட்டணம் செலுத்தும் ஒருவருக்குத் தன் வீட்டு இணைப்பின் விபரம் தனக்கு விளங்கும் மொழியில் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையன்று. பிரதேச செயலகங்கள், பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள் போன்றவற்றில் இந்தப் பதிவு இன்னும் அவசியமாகிறது. ஓர் உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது, அங்குள்ள கணினிகளின் முகவரிகளும் அவருடைய நினைவோடு சேர்ந்து போய்விடுகின்றன. பொருட்பதிவேடு ஒப்படைக்கப்படுவதைப் போல இந்தத் தாளும் கையொப்பத்துடன் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று திணைக்களத் தலைவர்கள் பணிப்பார்களாயின் பெரும் உதவியாக இருக்கும்.

தங்கள் பத்திரிகையிடமும் ஓர் உதவியை வேண்டுகிறேன். இவ்வாறான வெற்றுப் படிவம் ஒன்றை, வாசகர்கள் வெட்டியெடுத்து நிரப்பிக்கொள்ளக் கூடியவாறு, இடம் கிடைக்கும் ஒரு ஞாயிறு இதழில் கால் பக்க அளவில் வெளியிட முடியுமா? அதற்கான மாதிரியை எளிய தமிழில் எழுதி, இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் திருத்தங்கள் தேவையெனக் கருதினால் தாராளமாகச் செய்துகொள்ளலாம்; எனது பெயரைக் குறிப்பிட வேண்டிய தேவையும் இல்லை.

இங்ஙனம்,
கணினி திருத்துநர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.